ஒரே மலை, எட்டு பாட்டில்

ஏப்ரல் 28, திங்கள்

கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. நாலு மாதமாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டி உட்கார்ந்திருக்கிறேன். கோபமாக இருக்கும்போது வாயைத் திறந்தால் எனக்கு அழுகை முந்திக்கொண்டு வந்துவிடும். எழுதினால் வராது என்று நினைக்கிறேன்.

காலையில் சேதுமாதவன் சார் கோயமுத்தூரிலிருந்து வந்தார். மலைப் புதர்களில் விளையும் தவிட்டுப்பழத்தின் விதை எண்ணெயைப் போட்டு முகத்துக்கு கிரீம் செய்கிறது அவர் கம்பெனி. மலையில் வாங்குவதெல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் பனிமட்டத்துப் பெண்களும் சுற்றுவட்டாரப் பெண்களும் காட்டில் பழம் பறிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஜீப்பில் ஊர் ஊராகப் போய் மூட்டைகளை ஏற்றி வருவார். அவர் கம்பெனியின் ஏஜெண்டு. எங்கள் பெண்கள் சங்கத்துக் கொட்டகையில் சதையைப் பிரித்து ஜாமுக்கு அனுப்பிவிட்டு, விதையைக் கழுவி, காயவைத்து, மெஷினில் பிழிவது என் வேலை. கொட்டகை சங்கத்துடையது, மெஷின் கம்பெனியுடையது.

ஒரு மூட்டைப் பழத்துக்கு இவ்வளவு எண்ணெய் என்று கம்பெனியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் அதற்கு ரொம்பக் கீழே நிற்கிறது. சார் டின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"அதே பழம், அதே மெஷின், அதே ஆளு. அப்புறம் எண்ணெய் மட்டும் எங்கீங்க போச்சு?"

"வரலை சார். வந்தாத்தானே போறதுக்கு?"

அவர் சிரித்தார். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அந்தச் சிரிப்புதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இவர் (தர்மலிங்கம் என்று எழுதக் கை கூசுகிறது, இவர் என்றே எழுதுகிறேன்) சார் பேசும்போது ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசம் மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

மூடுபனி. விதை காயவில்லை. துணியும் காயவில்லை.

மே 2, வெள்ளி

இவர் கோத்தகிரி போய்விட்டு வரும்போது எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். மெரூன் கலர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தானாகப் போய் எனக்கென்று எதுவும் வாங்கியதில்லை. அதுவும் மே மாதத்தில் ஸ்வெட்டர்! "போட்டுப் பாரு" என்றார். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கம்பெனி தாள். டைப் அடித்திருந்தது. 'என் கவனக்குறைவால் எண்ணெய் வீணாகிவிட்டது. இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்.' கீழே என் பெயர், அதற்குக் கீழே கோடு.

"ஒரு கையெழுத்துதான புஷ்பா. போட்டுட்டா இதோட முடிஞ்சுது. வேலை வேலையா நடக்கும்."

"நான் வீணாக்கலையே?"

"வீணாக்கினியா இல்லையாங்கறது இல்ல இப்ப பேச்சு."

வேறு என்னதான் பேச்சு என்று கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

தாள் அலமாரி மேல் இருக்கிறது. போட மாட்டேன். திருடவில்லை என்பதற்காக இல்லை. கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறான் பார், அதற்காகவே போட மாட்டேன். ராத்திரி கழற்றி வைத்த மெஷின் பாகத்தைக் காலையில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவள் நான்.

மே 5, திங்கள்

சேதுமாதவன் சார் போனில் கூப்பிட்டார். தாள் என்ன ஆச்சு என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். உடனே குரலை இறக்கிக்கொண்டார்.

"மாதியம்மாவுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் குடுத்தீங்களாமே."

 கொடுத்தேன், உண்மைதான். டின்னுக்கு அடியில் தங்கும் கசடு அது. கம்பெனி எடுத்துக்கொள்ளாது, கொட்டிவிடு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். காட்டில் பழம் பறிக்கும் மாதியக்காவுக்கு முழங்கால் வலி, தேய்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். அதை அப்படியே சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. பாட்டிலைக் கொடுத்தது கொட்டகையில் இல்லை, என் அடுப்படியில். அன்றைக்கு அங்கே மாதியக்கா இருந்தாள், நான் இருந்தேன், ஓரத்தில் உட்கார்ந்து இவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். யார் போய் எப்படிச் சொன்னார்களோ. ஊரில் வாய்க்கா பஞ்சம்.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் கூடிப்போனது.

மே 8, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

எப்போதும் எல்லா மூட்டையையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்துதான் கழுவுவேன். போன வாரம் பெரிய தொட்டி அடைத்துக்கொண்டதால் சின்னத் தொட்டிகளில் தனித்தனியாகக் கழுவி, தனித்தனித் தட்டில் காயப்போட்டிருந்தேன். மாதியக்கா மேட்டுக்காட்டில் பறித்தது ஒரு தட்டு. இன்னொரு சங்கத்துப் பெண் அமராவதி, ஓடைக்கரையில் பறித்தது ஒரு தட்டு. இன்று முதலில் மாதியக்கா விதையைப் போட்டேன். எண்ணெய் நூலாக இறங்கியது, பழைய மாதிரி. மனசு குளிர்ந்து போனது. அடுத்து அமராவதியுடையது. நூல் இல்லை. சொட்டு. நின்று, யோசித்து, ஒரு சொட்டு.

மெஷினைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே சொட்டுதான்.

ஒரே மலை, ஒரே பழம், ஒரே நிறம். ஆனால் உள்ளே ஒரே மாதிரி இல்லை. இத்தனை வருடம் எல்லாவற்றையும் கலந்து போட்டதில் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. மார்ச்சில் காட்டுத்தீ வந்து மேட்டுக்காட்டில் பாதி எரிந்துபோனது. அதனால் இந்த வருடம் வந்த மூட்டைகளில் முக்கால்வாசி ஓடைக்கரை, சோலை ஓரம். எண்ணெய் எங்கே போச்சு என்று கேட்டாரே. எங்கேயும் போகவில்லை. அந்தப் பழத்தில் அது முதலிலேயே இல்லை.

ஜீப் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். முகம் மலரும் என்று நினைத்தேன்.

"கம்பெனில பெரிய லேப் இருக்கு. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

"கண்ணால பாத்தேங்க."

"நீ பாத்தா ஆச்சா? இதையெல்லாம் அவருகிட்டப் போய்ச் சொல்லிவெக்காதே. சாக்கு சொல்றேன்னுதான் நெனைப்பாரு."

அவருக்கும் பயம் இருக்கும். ஜீப்புக்குக் கம்பெனிதானே வேலை கொடுக்கிறது. நானும் புரிந்துகொள்ள வேண்டும்.

மே 10, சனி

புரிந்துகொள்ள முடியவில்லை.

மே 12, திங்கள்

மாதியக்காவும் நானும் காட்டுக்குப் போனோம். மாதியக்கா படுகர் வீட்டுப் பெண், எங்கள் சங்கத்துத் தலைவி. எனக்கு இருபது வயது மூத்தவள். யாரையும் நீ என்றுதான் கூப்பிடுவாள், கலெக்டர் வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டாள். நான் கண்டதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டாள்.

"அப்ப எங்களையும் திருடின்னுதான அவன் சொல்றான்? பழத்துல தண்ணி ஊத்திக் குடுத்தோம்னு நாளைக்கு சொல்ல மாட்டானா?"

"அதுக்குத்தான் அக்கா, தனித்தனியாப் பறிக்கலாம். சார் முன்னாலயே பிழிஞ்சு காட்டிரலாம்."

பழைய புடவைகளைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். எட்டு இடம் தேர்ந்தெடுத்தோம். மேட்டுக்காட்டில் தீயில் தப்பியவை, ஓடைக்கரை, சோலை ஓரம், தேயிலைக் காட்டு வேலியை ஒட்டி என்று எட்டு. ஒவ்வொரு இடத்துச் செடிக்கும் ஒரு நிறத் துணி, அங்கே பறிக்கும் பைக்கும் அதே துணி. ஓடைக்கரையில் இரண்டு புதர்கள் கிளையோடு கிளை உரசிக்கொண்டு நிற்கின்றன. அவை இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாதியக்காதான் சொன்னாள். "அக்கா தங்கச்சின்னா ஒண்ணு போலவா இருக்காங்க?"

பறித்துக்கொண்டிருக்கும்போது காட்டெருமை ஒன்று சோலைக்குள்ளிருந்து வந்து நின்றது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அது எங்களைப் பார்த்தது, சலித்துக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு விட்டது, போய்விட்டது. மாதியக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வாரமாக நான் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மே 14, புதன்

நான் கையெழுத்துப் போடும்வரை கம்பெனி பழம் எடுக்காதாம். தகவல் இவர் மூலமாகத்தான் வந்தது. கொட்டகை வாசலில் ஏழெட்டு மூட்டை இருக்கிறது. ஈ மொய்க்கிறது.

அமராவதி வந்து சத்தம் போட்டாள். "நீ ஒரு கோடு கிறுக்கிக் குடுத்திருந்தா நாங்க பாட்டுக்குப் பறிச்சுக்கிட்டு இருந்திருப்போம். உன் ரோசத்துக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா?"

நியாயம்தான். அவளுக்கு மூன்று குழந்தைகள்.  அழுகிப்போகாமல் இருக்கட்டும் என்று அந்த மூட்டைகளை நானே பிரித்து, சதையை ஜாமுக்குக் கொடுத்து, விதையைக் காயப்போட்டேன். அமராவதி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கூட உட்கார்ந்தாள்.  இருட்டும்வரை இருந்தாள்.

மே 18, ஞாயிறு

மகள் ரேணுகா ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். நர்சிங் கடைசி வருடம். பரீட்சை, ஹாஸ்டல் சாம்பார், தலைமுடி கொட்டுவது எல்லாம் பேசினாள். பிறகு, "ஏம்மா அப்பாவைப் போட்டுப் பாடாப் படுத்தறே? ஒரு கையெழுத்துதானே" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான். பாவம்மா அவரு. மூட்டையிலதான் கோளாறுன்னு கம்பெனில மொதல்ல அவரைத்தான் புடிச்சாங்களாம். பயந்துபோய் ஏதோ வாயில வந்ததை..."

நிறுத்திவிட்டாள்.

"வாயில வந்ததை?"

"ஒண்ணுமில்லம்மா. சிக்னல் சரியில்ல."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வார்டனம்மா யாரையோ திட்டுவதுகூட எனக்குக் கேட்டது.

மே 19, திங்கள்

சோறு குழைந்துவிட்டது.

மே 20, செவ்வாய்

தர்மலிங்கம் இன்று கூடலூர் போயிருக்கிறார். வர இரண்டு நாளாகும். வீடு பெரிதாக இருக்கிறது.

சேதுமாதவன் சாருக்கு நானே போன் செய்தேன்.

"சார், கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க ஒரு தடவை வாங்க. எட்டு விதமா விதை வெச்சிருக்கேன். உங்க ஆளை விட்டு உங்க கையாலயே பிழிஞ்சு பாருங்க."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்லீங்கம்மா."

"என்னைத் திருடின்னு சொல்ல நேரம் இருந்துதுல்ல சார்?"

  "நான் அந்த வார்த்தையைச் சொல்லலீங்களே" என்றார்.

"சொல்லலை. அதனாலதான் பதில் சொல்ல முடியலை. சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

வியாழக்கிழமை வருகிறேன் என்றார். இந்த வியாழன் இல்லை, அடுத்த வியாழன்.

போனை வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மெஷின் பாகங்களை எல்லாம் கழற்றி வெந்நீரில் போட்டேன்.

மே 25, ஞாயிறு

விதை நன்றாகக் காய்ந்துவிட்டது. எட்டுத் தட்டிலும் அளவு சரிபார்த்துவிட்டேன். தர்மலிங்கம் என் அருகில் வந்து நின்று, "பிழிஞ்சு எல்லாம் ஒரே மாதிரி வந்துதுன்னா?" என்றார். இதே கேள்வி ஆறு நாளாக என் நெஞ்சிலும் இருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. "வந்தா வரட்டும்" என்றேன்.

மே 29, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

சேதுமாதவன் சார் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். தர்மலிங்கம்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜீப்பில் கூட்டி வந்தார். கொட்டகையில் மாதியக்கா, அமராவதி, இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தார்கள். சுவரோரம் சாய்ந்து நின்றார்கள்.

"சார், நான் எதையும் தொட மாட்டேன்" என்றேன். "நிறுக்கறது, போடறது, புடிக்கறது எல்லாம் உங்க ஆளே செய்யட்டும்."

சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றேன். அதைவிடக் கஷ்டமான வேலை என் ஆயுசில் செய்ததில்லை. அந்த மெக்கானிக் பையன் பெல்ட்டைத் தப்பாக மாட்டினான், கை பரபரத்தது. விதையை ஒரே அள்ளாக அள்ளிப் போட்டான், வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரே எடை. ஒன்று முடிந்ததும் மெஷினைத் துடைத்துவிட்டு அடுத்தது. வரும் எண்ணெயை ஒரே மாதிரி பாட்டிலில் பிடித்து, பாட்டில் கழுத்தில் அந்தந்த நிறத் துணியைக் கட்டி, ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தான். முதல் பாட்டில், மேட்டுக்காடு. முக்கால் வந்தது. அடுத்தது சோலை ஓரம், பாதிக்குக் கீழே. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வெயில் பட்ட செடியில் அதிகம், நிழல் செடியில் குறைச்சல், அவ்வளவுதான் விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. மேட்டுக்காட்டின் இன்னொரு மூலையில் பறித்தது கால் பாட்டிலைத் தாண்டவில்லை. ஓடைக்கரையின் அந்த இரட்டைப் புதர்களில் ஒன்று எல்லாவற்றிலும் கடைசி. அதன் கிளையை உரசிக்கொண்டு நின்ற மற்றது எல்லாவற்றிலும் முதல். பாட்டில் கழுத்து வரைக்கும் வந்தது. மெக்கானிக் பையனே "அட!" என்றான்.

எட்டுப் பாட்டிலும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றன. எட்டும் எட்டு உயரம்.

"அந்தக் கடைசியை இன்னொருக்கா போடு" என்றார் சார். மீதி விதையைப் போட்டான். அதே சொட்டு. சார் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். 

"பக்கத்துப் பக்கத்துச் செடின்னு சொன்னீங்கல்ல? இது எப்படிங்க?"

"தெரியலை சார்" என்றேன். "எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அது அப்படித்தான் இருக்கு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வியாபாரி. அடுத்த நிமிஷமே கழுத்துவரை வந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரிங்க, அப்ப எண்ணெய் வர்ற செடியில மட்டும் பறிச்சாப் போதுமுங்களே? மத்ததை விட்டுரலாம். இந்தச் செடியிலயே நாத்து எடுத்து மலை பூரா நட்டுட்டாக்கூட..."

"மத்த செடியில பறிக்கிறவ எங்க போவா?" மாதியக்கா சுவரிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தாள். "அமராவதி ஓடைக்கரைக்காரி. அவ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அங்கதான் பறிக்கிறா. அவளை வீட்டுக்குப் போன்னு நான் சொல்லவா, நீ சொல்றியா?"

அமராவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலை குடுக்கறதைத்தான் சார் நாங்க குடுப்போம்" என்றேன். அழுகை முந்தவில்லை. "கலந்துதான் வரும். ஒரு வருஷம் கூட வரும், ஒரு வருஷம் குறையும். மூட்டைக்கு இவ்வளவுன்னு நீங்க வெச்சிருக்கற கணக்கை எடுத்துருங்க. வர்ற எண்ணெயை அளந்து எடுத்துக்கங்க. சந்தேகம்னா உங்க ஆளை இங்கயே உக்கார வைங்க, நான் டீ போட்டுத் தர்றேன். அது முடியாதுன்னா மெஷினை ஏத்திக்கிட்டுப் போயிருங்க. நாங்க ஜாமுக்கு மட்டும் பறிச்சுக்கறோம்."

மெஷினை ஏற்றிக்கொண்டு போகச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன். யாராவது பதறி மறுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை. அமராவதிதான் நிமிர்ந்து, "ஆமா" என்றாள்.

சார் அந்தப் பாட்டிலைத் திரும்ப வைத்தார். "கணக்கை மாத்தச் சொல்றேனுங்க. நாளையிலேருந்து பழம் எடுக்கச் சொல்றேன்."

"இன்னொண்ணு இருக்கு சார். புஷ்பராணி எண்ணெய் எடுக்கலைன்னு சொல்லுங்க. தாள்ல வேண்டாம். வாயால, இவங்க முன்னால."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் சொன்னார். "அவங்க எடுக்கலீங்க. தப்பு எங்க பக்கம்தான்."

அப்போது மாதியக்கா கேட்டாள். "அப்ப எடுத்தான்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

"அது எதுக்குங்க இப்ப" என்றார் சார். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் வாசல் பக்கம் போய் ஜீப்பின் மேல் நின்றுவிட்டுத் திரும்பியது. எல்லாப் பெண்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. மெஷினுக்கு அடியில் புண்ணாக்கு நிறைந்து கிடந்தது, அதை அள்ள உட்கார்ந்தேன்.

மே 30, வெள்ளி

தர்மலிங்கம் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும் புஷ்பா, நீ எடுத்திருக்க மாட்டேன்னு" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க."

"சந்தர்ப்பம் அப்படி ஆயிருச்சு. நான் என்ன..."

"என்கிட்ட சொல்லாதீங்க. என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியவேண்டாம். கொட்டகைக்குப் போய் அவங்க முன்னால சொல்லுங்க. கம்பெனிக்காரரு வெளியூரு ஆளு, அவரே சொல்லிட்டுப் போயிட்டாரு."

"பொம்பளைங்க முன்னால போய் நிக்கச் சொல்றியா?"

"ஆமா."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பசித்தது. இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. பழம் இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம். மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. கம்பெனி ஆளை உட்கார வைக்கவில்லை.

ஒரே வீடு. அவர் முன்னறையில் படுக்கிறார். குடையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். சமைக்கிறேன், வைக்கிறேன். பேச்சு இல்லை. ஸ்வெட்டரை அமராவதியின் மூத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ரேணுகா அழுதாள். "விட்டுரும்மா, போதும்மா" என்கிறாள். திருடி என்று பெயர் வந்திருந்தால் அது யாருடைய அம்மாவுக்கு வந்திருக்கும் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். நிஜமாகவே சாப்பிட்டிருந்தேன்.

ஜூன் 7, சனி

மதியம் மழை கொட்டு கொட்டு என்று கொட்டியது. தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் மெஷின் ஓடுவதே கேட்கவில்லை. ஜீப் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வாசலில் நிழல் தட்டவும்தான் நிமிர்ந்தோம். தர்மலிங்கம் நின்றுகொண்டிருந்தார், தோளில் ஒரு மூட்டை, தலையிலிருந்து தண்ணீர் வழிய. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை.

"மாதியம்மா" என்றார். "நான் ஒண்ணு சொல்லணும்."

மாதியக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து போய் மெஷினை நிறுத்தினேன்.

"கம்பெனில என்னைத்தான் மொதல்ல கேட்டாங்க. எண்ணெய் ஏன் குறையுது, வழியில மூட்டை மாறுதான்னு. எனக்கு ஜீப் போயிரும்னு பயம் வந்துருச்சு. வீட்டுக்காரிக்குக் கை கொஞ்சம் தாராளம், யாராவது கேட்டா ஊத்திக் குடுத்துருவான்னு சொன்னேன். பாட்டில் குடுத்ததையும் சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அது இவ்வளவு தூரம் போகும்னு... இல்ல. போகும்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

 மூட்டையின் கனத்தில் அவர் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரும் இறக்கி வை என்று சொல்லவில்லை. அமராவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் மாதியக்காதான் பேசினாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே? அவ அங்க நிக்கிறா பாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "புஷ்பா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. 

அவர் வாயால் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். லேசாகவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் தூங்கியதில்லை. ஒரு ஜீப்புக்காக என்னைச் சிரித்துக்கொண்டே விற்றிருக்கிறார். அதையும் நினைத்தேன். பதினைந்து பெண்கள் முன்னால் நனைந்துகொண்டு வந்து நிற்கிறாரே, அதற்கும் தைரியம் வேண்டும்தான் என்றும் நினைத்தேன். ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. இரண்டும் உள்ளே அப்படியே இருக்கின்றன.

"இது எந்த ஊரு மூட்டை?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். "தெரியலை. எல்லாத்தையும் சேத்து ஏத்திட்டேன்."

"எங்க பறிச்சதுன்னு தெரியாம இனிமே எதுவும் கொட்டகைக்குள்ள வராது. எது எங்கேருந்து வருது, எதுல எவ்வளவு இறங்குதுன்னு நமக்கும் தெரியணும். அடுத்த வருஷம் எவனாவது கேட்டா அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்." இதைப் பெண்களைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அவரைப் பார்த்தேன். "நாளையிலேருந்து ஜீப்புல நானும் வர்றேன். ஊரு ஊரா நான் இறங்கிப் பாத்துத் துணி கட்டித் தர்றதைத்தான் ஏத்தணும். மாதியக்கா, சங்கம் என்ன சொல்லுது?"

"போ" என்றாள் மாதியக்கா. "முன் சீட்டுல உக்காரு."

அவர் தலையை ஆட்டினார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மழையிலேயே திரும்பி நடந்தார். நான் மெஷினைப் போட்டேன்.

சாயங்காலம் ரேணுகா போன் செய்தாள். அப்பா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"அப்பாவை மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல" என்றேன்.

"எப்பம்மா மன்னிப்பே?"

"அது எனக்கே தெரியாது கண்ணு. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். பச்சைப் புடவையைக் கிழித்து வைத்துவிட்டேன். தர்மலிங்கம் வெளியே ஜீப்பின் முன் சீட்டில் கிடந்த சாமான்களை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். போடட்டும். அந்த சீட் முழுசாக எனக்கு வேண்டும்.